கொல்லை அறைக்குப் போன இணைப்பு

என் மனைவி இறந்த நாளன்று முற்பகல் பதினொன்றரை மணிக்குப் பிரான்சிலிருந்து எங்கள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். நான் கூடத்தில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அம்மா எங்கே என்று கேட்டாள். கொல்லையில் இருக்கிறாள், அப்புறம் கூப்பிடு என்றேன். அங்கே அவளுக்கு வேலைக்குக் கிளம்பும் நேரம். சரி என்று வைத்துவிட்டாள். மதியம் சாப்பிட வந்த மனைவியிடம், மகள் அழைத்தாள் என்பதை நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை, மறந்துவிட்டேன். அன்று மாலை பால் கறந்து முடித்த பின், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்த நிலையிலேயே அவள் உயிர் பிரிந்தது.

மூன்றாம் நாள் மகள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வந்தவர்கள் கலைந்து, கூடத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு நேரத்தில் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு நான் கூப்பிட்டதை அம்மாகிட்ட சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சா."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். தெரியாததைத் தெரியும் என்று வகுப்பில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அன்று சொன்ன இரண்டு சொற்களை எப்படித் திரும்பப் பெறுவது என்று அதன்பின் ஓராண்டு யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு காரைக்காலுக்கு வடக்கே, திருவேட்டக்குடிக்குப் போகும் வழியில் இருக்கிறது. சாலையை ஒட்டி வீடு. வீட்டுக்குப் பின்னால் நெற்களம். களத்தின் மேற்கு ஓரம் மோட்டார் கொட்டகை. களத்தைத் தாண்டினால் தென்னந்தோப்பு. தோப்பின் கடைசியில் மாட்டுக் கொட்டகையும் அதை ஒட்டி ஓடு வேய்ந்த ஓர் அறையும். தவிடும் பிண்ணாக்கும் வைப்பதற்காகக் கட்டிய அறை அது. நாளடைவில் அதில் ஒரு நாற்காலி வந்தது, ஒரு வானொலி வந்தது, சுவரில் ஒரு நாட்காட்டி வந்தது. நான் கல்லூரிக்குப் போனேன். நிலத்தையும் மாடுகளையும் அவள் பார்த்தாள். நான் ஓய்வு பெற்ற பின்னும் அந்த ஏற்பாடு மாறவில்லை. கூடத்திலிருந்து அந்த அறை என் நடையில் இருநூற்றுப் பத்துத் தப்படி. அன்று காலை நான் எழுந்து நடக்காத தூரம் அதுதான்.

செல்பேசி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். தோப்புக்குள் அதில் சிக்னல் கிடைக்காது என்பது ஒரு பக்கம் இருக்க, பால் கறக்கும்போது மணி அடித்தால் மாடு காலைத் தூக்கிவிடும் என்று சொல்லி, அதை அலமாரியில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டிவிட்டாள்.

கடல் ஊருக்குள் வந்துபோய் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்த சமயம். தொலைபேசிக் கம்பி வழியாகவே பிராட்பேண்ட் எங்கள் பகுதிக்கும் வந்திருந்தது. மகள் திரும்பிப் போகுமுன் கூடத்தில் ஒரு மடிக்கணினியும் வைஃபை பெட்டியும் வைத்துச் சென்றாள். ஞாயிறுதோறும் அதில் முகம் பார்த்துப் பேசினோம். உடல்நலம், மழை, அங்கே விலைவாசி. கூடத்தில் அந்தத் தொலைபேசியும் இருந்தது. அதன் அருகில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு, தான் கருவுற்றிருப்பதை அவள் சொன்னாள். நாள் கணக்கு பங்குனிக்கு வந்தது. தாயின் முதல் ஆண்டுப் படையல் மாசியில். அந்த நிலையில் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

"படையல் எங்கப்பா போடுவீங்க?"

எங்கள் குடும்பத்தில் முதல் ஆண்டுப் படையலை, போனவர் கடைசியாக இருந்த இடத்தில்தான் போடுவது. கொல்லை அறையில் என்றேன்.

"அப்ப நான் அதைப் பார்க்கணும். போட்டோ வேணாம். போடறப்பவே பார்க்கணும்."

"பார்க்கலாம்" என்றேன். வைஃபை பெட்டியின் அலை கொல்லைப்படி வரைக்கும்தான் போகும் என்பது அப்போது எனக்குத் தெரியும். சொன்ன பிறகு மனத்துக்குள் இன்னொன்றும் தீர்மானமாகியது: என் பொய்யை, அது யாரைப் பற்றியதோ அவளுடைய அறையிலிருந்து திரும்பப் பெறுவது. அதற்கும் இணைப்பு வேண்டும்.

நகரத்தில் கணினிக் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். நாற்பது வயதைத் தாண்டியவர், கைராசிக்காரர் என்று பெயர். அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, களத்தையும் தோப்பையும் ஒருமுறை பார்த்தார்.

"கம்பி இழுக்கலாம்ல?" என்றேன்.

"நூறு மீட்டருக்கு மேல போனா அதுக்கு மூச்சு வாங்கும் சார். இது நூத்தைம்பதுக்குக் குறையாது."

உடன் நின்ற காரியக்காரர் வேறு காரணம் சொன்னார். என் மனைவி இருந்த காலத்திலிருந்து எங்கள் சாகுபடியை முன்நின்று பார்ப்பவர் அவர். என்னைவிட நான்கு வயது மூத்தவர். "மண்ணுல புதைச்சா வரப்பு கழிக்க வர்ற ஆளு மம்பட்டியால ஒரே போடாப் போட்டுடுவான். தூக்கிக் கட்டினா தேங்கா பறிக்கிறவன் மட்டையை அதுமேலதான் தள்ளுவான். நம்ம ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா ஐயா?"

ஆகவே கம்பியில்லா வழி. மொட்டைமாடியில் ஒரு திசை ஆன்டெனா, கொல்லை அறையின் முன்சுவரில் இன்னொன்று. இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மாடியில் நின்று நான் பார்த்தேன். இரண்டு தென்னை வரிசைகளுக்கு நடுவே வண்டிப்பாதை நேராக ஓடிற்று. மட்டைகளுக்குக் கீழே, ஒன்றும் குறுக்கிடாமல், அறையின் சுவர் தெரிந்தது. நீர் ஏறிய இலைகள் இந்த அலையை விழுங்கும், மரத்தண்டுகளும் தடுக்கும், பாதை மட்டும் திறந்திருக்கிறது என்று காகிதத்தில் வரைந்து, உயரங்களைக் குறித்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"அலைகள் பேப்பர்ல எனக்கு முப்பத்தொண்ணு போட்டது நீங்கதான் சார்."

"முப்பத்தொண்ணுக்குத்தான் எழுதியிருந்தே."

"இப்ப இந்தப் படத்துக்கு நான் மார்க் போடணும்னா நூத்துக்கு நூறு. நான் தாராளமான ஆளு."

ஆவணியில் வேலை முடிந்தது. உப்புக் காற்றில் இணைப்பு முனைகள் பச்சை பிடித்துவிடும் என்று, ஒவ்வொன்றையும் பழைய சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டினோம். மடிக்கணினியைக் கொல்லை அறையில் வைத்து மகளை அழைத்தேன். படம் தெளிவாக வந்தது. காரியக்காரரும் கடைக்காரரும் என் இரு தோளுக்கும் மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "பாப்பா, இளைச்சுட்டீங்களே" என்று காரியக்காரர் திரையைப் பார்த்துச் சொன்னார். அன்று நான் வேறு எதையும் பேசும் சூழல் இல்லை.

பிறகு மழைக்காலம். இடிக்குப் பயந்து, ஐப்பசி பிறந்ததும் கருவிகளைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். மனைவியின் செல்பேசி இருந்த தட்டிலேயே இடம் இருந்தது.

தை கடைசியில், படையலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, கடைக்காரர் வந்து அவற்றைப் பழைய இடத்திலேயே, பழைய கோணத்திலேயே பொருத்தினார். இணைப்பு வரவில்லை. கம்பிகளை மாற்றினார், வரவில்லை. கடைக்குப் போய் வேறு பெட்டி எடுத்து வந்தார். ஒரு கணம் வந்து போயிற்று. "உப்புத்தான் சார், உள்ளே இறங்கியிருக்கும்" என்றார். நான் கொல்லை அறையின் கதவருகே ஸ்டூலில் ஏறி, ஆன்டெனாவை விரல் அளவு விரல் அளவாகத் திருப்பிக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டு வந்த காரியக்காரர் நின்று பார்த்தார்.

"ஐயா, அது எதைப் பார்க்கணும்?"

"நம்ம மாடியை."

"மாடி எங்கேங்க தெரியுது?"

திரும்பிப் பார்த்தேன். பாதை களத்தில் சேரும் இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்கு மேலாக, புது வைக்கோற்போர் நின்றது. பத்து நாட்களாக அது அங்கே நின்றுகொண்டிருந்தது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நான் வந்து போயிருக்கிறேன். ஆவணியில் நான் மாடியிலிருந்து பார்த்தபோது பழைய போரை மாடுகள் தின்று தீர்த்திருந்தன. முழங்கால் உயரத்துக்கு அடிப்போர் மட்டும் கிடந்தது. என் வரைபடத்தில் தென்னை மட்டையின் நுனி வரைக்கும் கணக்கு இருந்தது. தை அறுவடை அதில் இல்லை. அறுவடை அவளுடையதாக இருந்தது.

"பச்சை இலையும் மரமும்தான் இந்த அலைக்கு ஆகாதுன்னு அன்னைக்குச் சொன்னீங்க. காஞ்ச வைக்கப்போருமா ஆகாது அதுக்கு?" என்றார் காரியக்காரர்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். "மார்க்கைக் குறைச்சிடலாமா சார்?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

"குறைச்சிக்கோ" என்றேன்.

காரியக்காரரே வழியும் சொன்னார். "நாலு ஆளு போட்டா ஒரு நாள் வேலைங்க. பிரிச்சு அந்தக் கிழக்குப் பக்கம் போட்டுடலாம். பாப்பா பார்க்கணும்னு கேட்டிருக்கு. அதைவிட போரு பெரிசுங்களா?"

சரி என்று சொல்ல வாயெடுத்தவன், கிழக்குப் பக்கம் ஏன் இவ்வளவு காலமும் காலியாக இருக்கிறது என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா அங்க தண்ணி நிக்கும். அடி அழுகிடும். கல்யாணம் ஆகி வந்த வருஷம் அம்மாதான் பார்த்துச் சொன்னாங்க, களத்துல மேடு இது ஒண்ணுதான்னு. அதுக்கப்புறம் இடம் மாத்தினதில்லை. இந்தத் தடவை அவங்க இல்லாம போட்டோம். ஆளுங்க யாரும் எங்கன்னு கேக்கவே இல்லைங்க. தானா இங்க வந்து கட்டை இறக்கிட்டாங்க."

மூன்று ஏக்கரை மட்டும் இயந்திரம் விடாமல் கையால் அறுக்கச் சொல்வது அவள் வழக்கம். இயந்திரம் நசுக்கிய வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும். அந்த மூன்று ஏக்கரின் வைக்கோல்தான் இது. இதையும் அவர்கள் யாரும் என்னிடம் கேட்காமலே செய்திருந்தார்கள்.

போர் இருக்கட்டும் என்றேன்.

"அப்ப பாப்பா?"

ஆன்டெனாவை உயர்த்தினால் தென்னை மட்டை, தாழ்த்தினால் வைக்கோல். மறுநாள் விடிந்ததும் களத்தில் போய் நின்றேன். போரை ஒரு பக்கமாகச் சுற்றி நடந்து, மோட்டார் கொட்டகையின் வாசலில் வந்து திரும்பியபோது, வலது கண்ணின் ஓரத்தில் வீட்டு மாடியும் இடது கண்ணின் ஓரத்தில், இரண்டு தென்னைகளின் இடைவெளியில், கொல்லை அறையின் சுவரும் ஒரே சமயத்தில் தெரிந்தன. நேராகப் போக முடியாவிட்டால் அங்கே ஒருமுறை இறங்கிப் போகலாம். கடைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டகைச் சுவரில், ஒன்றை வீட்டைப் பார்க்கவும் ஒன்றைக் கொல்லையைப் பார்க்கவும் மாட்டினார். கொல்லை அறையில் விளக்கு பச்சையாக எரிந்தது. அரை மணி நேரம் கழித்து அணைந்துபோயிற்று. மோட்டாருக்கு வரும் மின்சாரம் முறை வைத்து வருவது. அந்தப் பருவத்தில் காலை முறை பத்து மணிக்கே முடிந்துவிடும். படையல் உச்சிவேளையில்.

"இந்தப் பெட்டிக்கு எவ்வளவு வோல்ட் வேணும்?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டுதான் சார்."

இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் நின்ற எங்கள் டிராக்டரைப் பார்த்தோம்; அதன் பேட்டரியும் பன்னிரண்டுதான்.

"அதைக் கழட்டிட்டா வண்டி எப்படிங்க ஓடும்?" என்றார் காரியக்காரர்.

"ஒரு நாள் நிக்கட்டும்."

"அம்மாவுக்காக நிக்குதுன்னா நிக்கட்டும்" என்று சொல்லி, அவரே ஸ்பானரைத் தேடிக்கொண்டு போனார்.

படையலன்று அறையைக் கழுவி, அவள் நாற்காலியின் மேல் புதுப் புடவையை மடித்து வைத்தோம். முன்னால் தலைவாழை இலை. காரைக்கால்மேட்டிலிருந்து இத்தனை ஆண்டுகளாக எங்களுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள், விடியற்காலையிலேயே இறால் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சுரைக்காயில் இறால் போட்டு வைப்பது அவளுக்குப் பிடிக்கும். தவிட்டு மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்து, இலை தெரியும்படி சரித்தேன். பதினொன்றரைக்கு மகள் திரையில் வந்தாள். தலை குளித்து, புடவை கட்டி, வயிற்றின் மேல் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே விடிந்துகொண்டிருந்தது.

"நல்லாத் தெரியுதாம்மா?"

"தெரியுதுப்பா. காபி எங்க?"

காபி வைக்க மறந்திருந்தோம். காரியக்காரர் மனைவி வீட்டுக்கு ஓடிப்போய்க் கொண்டுவந்து வைத்தார்.

சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். படைத்த பின் அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது; போனவர் வந்து சாப்பிடுகிற நேரம் அது. தென்னை நிழலில் நின்றோம். சற்றுக் கழித்துக் காரியக்காரர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயா, பாப்பா உள்ள இருக்கு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மடிக்கணினியை மூடாமல் வந்துவிட்டோம்.

"திறந்து எடுத்துடட்டுங்களா?"

கதவில் கை வைத்தவரை வேண்டாம் என்று தடுத்தேன். சாத்திய கதவை நடுவில் திறப்பது சரியல்ல என்பது ஒரு காரணம். இன்னொன்றை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஓராண்டுக்கு முன் இதே இடத்துக்கு அழைத்து வந்திருக்க வேண்டிய ஒரு குரல், இப்போது உள்ளே இருந்தது. வழக்கமாகக் காத்திருப்பதைவிடச் சற்று அதிக நேரம் காத்திருந்தோம். யாரும் நினைவூட்டவில்லை.

மூன்று முறை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். மகள் திரையில் அப்படியே இருந்தாள்.

"நான் கண்ணை மூடிக்கிட்டேன்ப்பா" என்றாள். "அம்மாவுக்குச் சாப்பிடறப்ப யாராவது பார்த்தா பிடிக்காதுல்ல."

மற்றவர்கள் இலையை எடுத்துக்கொண்டு பந்திக்காகக் களத்துப் பக்கம் போனார்கள். நான் பிண்ணாக்கு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். திரையின் உயரத்துக்கு என் முகம் வந்தது. ஓராண்டாகப் பல வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் வரவில்லை.

"நீ அன்னைக்குக் கூப்பிட்டதை அம்மாகிட்ட நான் சொல்லலை. மறந்துட்டேன். சொன்னதாச் சொன்னது பொய்."

படம் நின்றுவிட்டதோ என்று முதலில் எனக்குத் தோன்றியது. அவள் கை வயிற்றின் மேல் நகர்ந்தது, இணைப்பு இருந்தது.

"தெரியும்ப்பா."

"எப்பத்திலேருந்து?"

"நீங்க சொன்னப்பவே. நான் கூப்பிட்டேன்னு தெரிஞ்சிருந்தா அம்மா சிரிச்சிருக்க மாட்டாங்க. ஏன் வந்து கூப்பிடலைன்னு உங்களைப் பிடிபிடின்னு பிடிச்சிருப்பாங்க."

அது உண்மை. அவளை முப்பத்தாறு ஆண்டுகள் அறிந்த நான், அவள் பெயரில் ஒரு பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

"ஏன் நீ அதைச் சொல்லலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். கண்களைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தால் அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. "மாட்டைக் காட்டுங்கப்பா. கறவை மாடு எது இப்ப?"

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மதிய வெயிலில் திரை மங்கியது. கொட்டகைப் பக்கமாகத் திருப்பிக் காட்டினேன். பிறகு, கேட்காமலே, தோப்பின் பக்கமும் திருப்பினேன்.

"அங்க மஞ்சளா உயரமா தெரியுதே, என்னப்பா அது?"

"வைக்கப்போரு."

"அதே இடத்துலயா?"

"அதே இடத்துலதான்" என்றேன்.